எந்த வெள்ளைக்கு ஏற்ற நெட்டு?

1

என் இளைய மகள் ராகேலுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது என்று எங்கள் ஊர் அருமனையிலிருந்து கடிதம் வந்தது. படித்து முடித்ததும் உறையைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். ஒன்றும் விழவில்லை. விரலை விட்டுத் துழாவியும் பார்த்தேன். துணித்துண்டு இல்லை.

இல்லை என்பதை அவளே எழுதியிருந்தாள். ‘நெட்டு நீங்கள்தான் வாங்கி வர வேண்டும். எஸ்தர் அக்கா அனுப்பியதுபோல நான் மாதிரித் துண்டு அனுப்பவில்லை. நீங்கள் முதலில் நெட்டை எடுங்கள். அதற்குப் பொருந்துகிற சேலையை நாங்கள் பிறகு எடுத்துக்கொள்கிறோம்.’

அதைப் படித்த நாள் முதல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எல்லோரும் சேலைக்கு ஏற்ற நெட்டைத்தான் தேடுவார்கள். இவள் நெட்டுக்கு ஏற்ற சேலை தேடப்போகிறாளாம். அப்படியென்றால் நான் எதை வைத்துப் பொருத்தம் பார்ப்பது?

அக்கரையில் இருப்பவர்கள் ஏதாவது எழுதி அனுப்பலாம் என்று நம் சபைப் பத்திரிகையில் கேட்டிருந்தார்கள். நான் நாலாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் நடுவில் வாய் திறக்கவும் கூசுகிறவன். ஆனால் மனத்தில் ஓடுகிறதை யாரிடமாவது இறக்கி வைக்காவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நெட்டு என்றால் நம் பக்கத்தார்க்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கல்யாணப் பெண்ணின் தலையில் பூமுடி வைத்து, அதன் அடியிலிருந்து முதுகு வழியாகத் தரைவரை தொங்கவிடுகிற வலைத்துணி அது.

2

பினாங்குக்கு எதிர்க்கரையில், கெடா நாட்டில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருக்கிறேன். குலசேகரம் மலைத்தோட்டத்தில் வேலை பழகியவன். அங்கே இருந்த துரை இங்கே மாறி வந்தபோது என்னையும் கூட்டி வந்தார். அப்போது எஸ்தர் தவழ்ந்துகொண்டிருந்தாள், ராகேல் தாய் வயிற்றில்.

என் வேலை புகைப்புரையில். உறைந்த ரப்பர்ப் பாலைத் தகடாக அழுத்தி, ஈரத்தோடு கம்புகளில் தொங்கவிட்டு, கீழே விறகுத் தீ மூட்டிப் புகை போடுவோம். உள்ளே போகும்போது தகடு பால் வெள்ளையாக இருக்கும். சில நாளில் தேன் நிறமாகும். எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, இது ஆயிற்று, இது ஆகவில்லை என்று சொல்வது என் பொறுப்பு. புகைப்புரையை ஒட்டிய அறையில்தான் நான் குடியிருப்பதும். என் பாய், என் வேதப்புத்தகம், சோற்றுப்பானை எல்லாமே அந்தப் புகை மணம்.

நடுவில் இரண்டு தடவை விடுப்பில் ஊர் போனேன். ஒவ்வொரு தடவையும் என் மகள்கள் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள். பழகி மடியில் வந்து உட்காரும் நேரத்தில் நான் மறுபடி பெட்டி கட்டிவிடுவேன். பிறகு கடிதத்தில், ‘நாங்கள் சுகம், நீங்கள் சுகமா’ என்று எழுதுவார்கள். எஸ்தர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. வளையல் வேண்டுமா, துணி வேண்டுமா என்று எழுதிக் கேட்டாலும், ‘உங்கள் இஷ்டம்’ என்றுதான் பதில் வரும்.

அவளுக்குக் கருங்கலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைப் பேசி முடித்தபோதுதான் முதல்முதலாக ஒன்று கேட்டாள். எங்கள் சபையில் உபதேசியார் வீட்டில் ஒரு நெட்டு உண்டு. யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் பெண்ணுக்கு அதைத்தான் வாங்கி வந்து போடுவார்கள். கல்யாணம் முடிந்ததும் துவைத்து, நீலம் போட்டு, மடித்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எஸ்தர் எழுதினாள்: ‘எல்லாரும் போட்டது எனக்கு வேண்டாம். எனக்கென்று நீங்கள் ஒன்று வாங்கி வாருங்கள். சேலை எடுத்தாகிவிட்டது. அந்தத் துணியிலேயே ரவிக்கை ஜம்பர் தைத்ததில் மிஞ்சிய துண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். அதன் நிறத்துக்குச் சரியாக இருக்கட்டும்.’

உறையில் விரல் அகலத்துக்கு வெள்ளைத் துண்டு ஒன்று இருந்தது. தொலைந்துவிடக் கூடாதென்று சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வேலை நடுவிலும் பை மேல் கைவைத்துப் பார்ப்பேன்.

விடுப்பு உடனே கிடைக்கவில்லை. அது ரப்பர் விலை விழுந்து கிடந்த சமயம். ஆட்களைக் கூட்டம் கூட்டமாக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போகிறவனைத் திரும்பச் சேர்ப்பார்களா என்பது நிச்சயமில்லை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் கேட்டால் துரையைக் கேள் என்பார். துரையைக் கேட்டால் கிராணியிடம் எழுதிக் கொடு என்பார். எழுதிக் கொடுத்தால், இந்த மாதத் தகடு கப்பல் ஏறட்டும் என்பார்கள். இப்படியே மாதங்கள் போயின. எங்கள் சபை வழக்கத்தில் பெண்ணை அப்பன்தான் கைபிடித்துப் பீடம்வரை கூட்டிப் போக வேண்டும். நான் போய்ச் சேராவிட்டால் தாய்மாமன் கூட்டிப் போவான். மகள் கேட்ட நெட்டும் போகாது, நானும் போகமாட்டேன் என்று நினைக்கும்போதெல்லாம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும்.

3

விடுப்பு கிடைத்ததும் பினாங்குக்குத் துணி வாங்கப் போனேன். துணைக்குப் பொன்னுலிங்கம் வந்தார். கருங்கல்காரர். தோட்டத்தில் சரக்குக் கடை வைத்திருந்தார். அய்யா வழிக்காரர். வாய் ஓயாது. எனக்கு வராத பேச்சையெல்லாம் சேர்த்து அவரே பேசிவிடுவார்.

“ஓய், அந்தத் துண்டத் தடவித் தடவி நூலாக்கிராதேயும்” என்றார் படகில். “எங்க தாங்கல்ல சாமி கும்பிடப் போவும்போ ஆம்பிளைய தலையில துணி கெட்டுவோம். உங்க சபையில பொம்பிளைய தலையில துணி போடுவாவ. மொத்தத்துல துணிக்கடைக்காரனுக்குக் கொண்டாட்டம்.”

கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து மரைக்காயர். “வாங்க, வாங்க. கொசுவலையா, மேசை விரிப்பா?” என்றார்.

நான் கடை வாசலிலேயே நின்றேன். உள்ளே இரண்டு பெண்கள் சரிகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“கல்யாணப் பொண்ணுக்கு நெட்டு வேணும், மரைக்காயரே. இவருக்க மொவளுக்கு. இவரு வாயத் தெறக்க மாட்டாரு. அதுக்காவ விலையக் கூட்டிராதேயும்” என்றார் பொன்னுலிங்கம்.

மரைக்காயர் சிரித்துக்கொண்டே பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். எல்லாம் வெள்ளைதான். பக்கத்தில் பக்கத்தில் விரித்தபோதுதான் ஒவ்வொன்றும் வேறு வெள்ளை என்று தெரிந்தது. ஒன்று பால்போல. ஒன்று நீலம் ஓடியதுபோல. ஒன்று சுண்ணாம்பு அடித்த சுவர்போல. நான் துண்டை எடுத்து ஒவ்வொன்றின் மேலும் வைத்தேன். எதுவும் சேரவில்லை.

“மாதிரியை இப்படிக் கொடுங்க” என்று வாங்கி வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார் மரைக்காயர். “அட, இது தந்த நிறமில்லையா? யானைத் தந்தம். பெரிய வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் இந்த நிறம் கேப்பாங்க. உங்க மகளுக்கு நல்ல ருசி.”

உள்ளே போய் வேறொரு பெட்டி கொண்டுவந்தார். ஓரத்தில் சின்னப் பூ வேலை செய்த நெட்டு. துண்டை அதன் மேல் வைத்தால் துண்டு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் பூரித்துப்போயிற்று. அருமனையில் இருந்துகொண்டு என் மகள் தந்த நிறத்தில் சேலை எடுத்திருக்கிறாளே என்று நினைத்துக்கொண்டேன். தகட்டின் நிறம் பார்த்துப் பிழைக்கிறவன் நான். அந்தத் துண்டு என்ன நிறத்தில் வந்தது என்று எனக்கு ஒரு கணமும் தோன்றவில்லை.

4

நாகப்பட்டினத்தில் கப்பல் இறங்கியதும் சுங்கத்தில் பெட்டியைத் திறந்தார்கள். ஒரு சேவகர் நெட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“என்னய்யா இது? கொசுவலையா?”

பின்னால் பெரிய வரிசை. கல்யாணப் பெண்ணின் முக்காடு என்று அத்தனை பேர் நடுவில் சொல்ல எனக்கு நா எழவில்லை. தலையை ஆட்டினேன்.

“ரொம்பச் சின்னதா இருக்கே. யாருக்கு?”

“மகளுக்கு.”

“தொட்டில் பிள்ளையா?”

அதற்கும் ஆட்டினேன். சீட்டில் தொட்டில் கொசுவலை என்று எழுதினார்கள்.

ஆரல்வாய்மொழியில் திருவிதாங்கூர் எல்லைச் சுங்கச் சவுக்கை. பஸ்ஸை நிறுத்திப் பெட்டியை மறுபடி திறந்தார்கள். அங்கிருந்தவர் அந்தச் சீட்டைப் படித்துவிட்டு, ஓரத்துப் பூ வேலையை விரலால் தடவினார். “பூப்போட்ட கொசுவலையா? எங்க ராஜ்யத்துல கொசுவுக்கு இவ்வளவு மரியாதைன்னு இப்பம்தான் தெரியுது” என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கேட்ட தீர்வையைக் கட்டிவிட்டுப் பெட்டியை மடிமேல் வைத்துக்கொண்டேன்.

மார்த்தாண்டத்திலிருந்து மாட்டுவண்டி. மேடு பள்ளத்தில் பெட்டி குலுங்கியபோது, “பிளான், பிளான்” என்றேன். மலாய்க்காரர் மெதுவாக என்பதற்குச் சொல்வது. வண்டிக்காரன் திரும்பி, “என்னவே, மாட்டுக்குப் பேரு வைக்கியரா?” என்றான்.

வீட்டு முற்றத்தில் எஸ்தர் நின்றாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். விருந்தாளியிடம் சொல்வதுபோல, “வாங்க” என்றாள். பிறகு என் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“இப்பம் பிரிக்காண்டாம்” என்றாள் என் மனைவி லீதியாள். “கோயில்ல கல்யாண ஓலை மூணு வாரமும் வாசிச்சாச்சு. நாளைக்கு மாப்பிளை வீட்டுல இருந்து சேலை பாக்க வருவாவ. அவிய முன்னால பிரிச்சாப் போரும். கைபட்டா அழுக்காவும்.”

5

மறுநாள் காலையில், அதாவது கல்யாணத்துக்கு முந்தின நாள், மாப்பிள்ளையின் மூத்த அக்காவும் இன்னும் சில பெண்களும் கருங்கலிலிருந்து வந்தார்கள். நடு அறையில் பாய் போட்டு, அதன் மேல் சேலையை விரித்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். பெட்டியைத் திறந்து நெட்டை எடுத்துச் சேலைமேல் விரித்தாள் லீதியாள்.

சேலை அன்றைக்குப் பூத்த மல்லிகைபோல இருந்தது. அதன் மேல் நெட்டு மஞ்சளாகக் கிடந்தது. கடையில் பார்த்தபோது அது வெள்ளை. இப்போது இல்லை.

கருங்கல் அக்காதான் முதலில் பேசினாள். “சோத்துல நெய்ய ஊத்துன மாதிரி இருக்கு, கேட்டியா.” கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். “நெய்யி நல்லதுதான். ஆனா அத தலையிலயா ஊத்துவாவ?”

அவர்களுக்குக் காப்பி கொடுத்து அனுப்பும்வரை லீதியாள் பொறுத்திருந்தாள். வண்டி திரும்பியதும் என்னிடம் வந்தாள்.

“துண்டு அனுப்பினோமில்லியா? கண்ண அங்க ஆருகிட்ட குடுத்துட்டு வந்திய?”

பிரயாணத்தில் கசங்காமல் வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்த துண்டை எடுத்துக் கொடுத்தேன். அதை நெட்டின் மேல் வைத்தாள். ஒரே நிறம். சேலைமேல் வைத்தாள். சேரவில்லை.

“அந்தத் தையக்காரன்!” என்று கத்தினாள். “வேற ஆருக்கோ தைச்ச துணியில வெட்டிக் குடுத்திருக்கான். நான் போயி அவனுக்க கத்திரியப் பிடுங்குதேன். நீங்க உபதேசியார் வீட்டுக்குப் போயி அந்த நெட்டு இருக்கான்னு கேளுங்க. பிள்ள வெறுந்தலையோட நிக்கவா முடியும்?”

எஸ்தர் நெட்டை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, துண்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். அது எனக்கு லீதியாளின் சத்தத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. வாழ்நாளில் கேட்டது ஒன்றே ஒன்று. கடல் தாண்டிக் கொண்டுவந்தேன். அதுவும் பொருந்தவில்லை. எந்த நெட்டு வேண்டாம் என்றாளோ அதையே வாங்கப் போனேன்.

உபதேசியார் மனைவி எடுத்துக் கொடுத்தாள். “நீங்க கப்பல்ல நெட்டு கொண்டாந்ததா ஊரெல்லாம் பேச்சு. பின்ன இது எதுக்கு?”

“சும்மா. ஒரு கைக்காவலுக்கு இருக்கட்டும்னு.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். “இதப் போடாத பிள்ள நம்ம சபையில இல்ல. ஓரத்துல கிழிசல் உண்டு. மடிச்சு விட்டாத் தெரியாது” என்றாள்.

நான் திரும்பி வந்தபோது எஸ்தர் முற்றத்துக் கொடியில் என் பெட்டித் துணிகளை வெயிலுக்கு விரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய தாய்மாமன் வேட்டியும் அங்கே காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்தில் என் வேட்டி பழுப்பாகத் தொங்கியது. நான் நின்றுவிட்டேன்.

“அப்பா, இஞ்ச வாருங்க” என்றாள். “இந்த வேட்டி பழசா?”

“புதுசு. ஒருநாளும் கெட்டல்ல. உனக்க கல்யாணத்துக்குன்னு, பேசி முடிச்ச உடனே பினாங்குல எடுத்து வச்சது.”

“எங்க வச்சிருந்திய?”

“எனக்க அறையில. புகைப்புரைக்குப் பக்கத்துல.”

“நான் அனுப்பின துண்ட?”

“சட்டைப் பையில.”

“வேலைக்குப் போவும்போதும்?”

“பின்ன எங்க வைக்க? தொலைஞ்சு போச்சுன்னா?”

அவள் கையிலிருந்த மாதிரித் துண்டை மூக்கருகே வைத்து முகர்ந்தாள். உடனே சிரிக்கத் தொடங்கினாள். கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் சிரித்து அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. “உங்க கடிதாசி மணம்! வெள்ளையாத்தான் அனுப்பினேன் அப்பா. உங்க கூட இருந்து இது இப்பிடி ஆயிட்டு. ஏட்டி ராகேலு, ஓடிப் போயி அம்மையப் பிடி! தையக்காரன் பாவம்!”

ராகேல் ஓடினாள். நான் உபதேசியார் வீட்டு நெட்டை நீட்டினேன். “மக்கா, இத வச்சுக்க. வெள்ளையா இருக்கு.”

அவள் அதை வாங்கவில்லை. “நாளைக்கு நீங்க எந்த வேட்டி கெட்டப் போறிய?”

“அம்ம சந்தையில புதுசு எடுத்து வச்சிருக்கா.”

“அது வேண்டாம். இந்தப் பினாங்கு வேட்டியக் கெட்டிட்டு எனக்க கூட வாங்க. நெட்டு சேலைக்குச் சேரல்லன்னா போவட்டும். உங்களுக்குச் சேருமில்லியா?”

அதற்குள் லீதியாள் மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். விஷயம் கேட்டதும் தலையில் கை வைத்தாள். “அப்பனும் மவளும் பழுப்பாப் போனா ஊரு சிரிக்காதா?”

“கருங்கல் மைனி சிரிச்சாச்சு. இனி ஊரு தனியாச் சிரிக்கவா?” என்றாள் எஸ்தர்.

6

கோயில் வாசலில் மணி அடித்தது. எஸ்தர் என் கையைப் பிடித்தாள். உள்ளே போனோம். பின்னால் ராகேல் நெட்டின் நுனியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். என் வேட்டியும் சட்டையும் மேல்துண்டும் மகளின் நெட்டும் எல்லாம் ஒரே நிறம். பெண்கள் பக்கத்தில் தலைகள் திரும்பின. “ரெண்டும் ஒரே தறியில நெய்ததுபோல இருக்கு” என்று உபதேசியார் மனைவி யாரிடமோ சொல்வது கேட்டது. கருங்கல் அக்கா கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

நான் அத்தனை கண்களுக்கு முன்னால் எப்போதும் நடந்ததில்லை. அன்றைக்கு அந்த நடை இன்னும் கொஞ்சம் நீளமாக இருக்கக் கூடாதா என்று இருந்தது.

பீடத்தருகே போதகர் கேட்டார், பெண்ணைக் கொடுப்பவர் யார் என்று. “நான்” என்றேன். கையைக் கொடுத்துவிட்டு என் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தபோது மாப்பிள்ளையின் கோட்டு வெள்ளை, சேலை வெள்ளை. நெட்டு மட்டும் எதனோடும் சேராமல் இருந்தது. எழுந்துபோய் மறுபடி பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது. ஆராதனை முடியும்வரை என்னால் ஓரிடத்தில் காலை வைக்க முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கப்பல் ஏறினேன். போய்ச் சேர்ந்தபோது என் வேலை எனக்கு இருந்தது.

7

இப்போது ராகேல். அன்றைக்கு நெட்டின் நுனியைப் பிடித்து வந்தவள். எல்லாவற்றையும் பின்னாலிருந்து பார்த்தவள் அவள்தான்.

இந்தத் தடவை நான் வெள்ளையாகப் போக வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். வேட்டியைச் சவுக்காரம் போட்டு அடித்து, நீலம் முக்கி, புகை வராத தூரத்தில் ஆற்றோரம் காயப்போட்டேன். நன்றாக வெளுத்தது. அறையில் கொண்டு வைத்தேன். அந்த மாதம் முடிவதற்குள் பழைய நிறத்துக்கு வந்துவிட்டது. விடுப்புக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. கிராணி புதியவர். பார்க்கலாம் என்கிறார். இரவில் எழுந்து எழுந்து உட்காருகிறேன். எந்த வெள்ளை, எந்த வெள்ளை என்றுதான் மனத்தில் ஓடுகிறது.

போன தோட்ட விடுமுறை நாளில் பினாங்குக்குப் போனேன். தனியாகத்தான். பொன்னுலிங்கம் கடையை மூடிவிட்டுக் கருங்கலுக்கே போய்விட்டார். மரைக்காயருக்குத் தலை நரைத்துவிட்டது. ஆனால் என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்ததும், “அடுத்த மகளா?” என்றார்.

தலையை ஆட்டினேன். பெட்டிகளைத் திறந்து வெள்ளைகளை ஒவ்வொன்றாக மேசைமேல் விரித்தார்.

“மாதிரி கொடுங்க.”

“இல்லை.”

“சேலை என்ன நிறம்?”

“இன்னும் எடுக்கல்ல.”

மரைக்காயர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “அப்போ எதுக்குப் பொருத்தம் பார்க்கிறது?”

இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாசல்வரை வந்தேன். கடைக்குள் வேறு ஆட்கள் இருந்தார்கள். பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நான் திரும்பிப் போய், பழுப்பேறிய என் சட்டைக் கையை மடிப்புப் போக இழுத்துவிட்டு, அந்த வெள்ளைகளுக்கு நடுவே நீட்டி வைத்தேன்.

“இதுக்கு” என்றேன்.